பூட்டின் மேல் சாய்ந்திருக்கும் கதவு

கலிபோர்னியாவின் டெத் வேலியில் பேட்வாட்டர் என்ற உப்புப் பள்ளம் கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே கிடக்கிறது. அங்கிருந்து கிளம்பி மலைகளைக் கடந்து, 395-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே போனால், இருட்டுவதற்குள் 3,031 மீட்டர் உயரத்திலுள்ள டியோகா கணவாயை எட்டிவிடலாம். கோடையில் கீழே பகல் வெப்பம் 45 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். மேலே இரவுக் குளிர் தண்ணீர் உறையும் நிலைக்குக் கிட்டத்தில் வந்து நிற்கும். இந்த வழியில் காருக்குப் பின்னால் கேம்பரை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் ஏராளம். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் அடங்கிய அந்தச் சக்கர வீட்டுக்குள் போகப் பெரும்பாலும் ஒரே ஒரு கதவுதான் உண்டு.

அந்தக் கதவின் பூட்டு வழியில் மக்கர் பண்ணுவதை அனுபவிக்காத கேம்பர்காரர்கள் குறைவு. சாவி உள்ளே போகிறது, ஆனால் திரும்ப மறுக்கிறது. வெளியே வெயில்; தண்ணீரும் மருந்தும் போர்வையும் உள்ளே. அந்த நேரத்தில் யாருடைய கையும் தானாகச் செய்வது சாவியை இன்னும் பலமாகத் திருகுவதைத்தான். அப்படித் திருகினால் என்ன ஆகும் என்று முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

விரல்களால் சாவித் தலையைப் பிடித்து ஒரு பெரியவர் அழுத்தித் திருகினால் ஏறக்குறைய 2 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை கிடைக்கும். சாவியின் தண்டு 7 மில்லிமீட்டர் அகலமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள பித்தளைத் தகடு என்று வைத்துக்கொண்டால், அந்த முறுக்கில் அதன் மேற்பரப்பில் உண்டாகும் தகைவு சுமார் 260 மெகாபாஸ்கல். சாதாரணப் பித்தளை இந்த அளவில் நிரந்தரமாக முறுக்கிக்கொள்ள ஆரம்பித்துவிடும். சாவியில் பல் வெட்டிய இடங்களில் அகலம் இன்னும் குறைவு, அதனால் அங்கே தகைவு இன்னும் அதிகம். ஆக, சாவியை முறிக்கத் தேவையான பலம் எல்லோருடைய விரல்களிலும் இருக்கிறது. பாதிச் சாவி பூட்டுக்குள் ஒடிந்து நின்றுவிட்டால், அரை மணி நேரத்தில் தீர்ந்திருக்க வேண்டிய தொல்லை ஒரு நாள் வேலையாகிவிடும்.

வேறு வழி என்ன? அதற்கான விதியை 1699-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் கியோம் அமோந்தோன் வைத்தார். உராய்வு விசை, இரண்டு பரப்புகளை ஒன்றோடு ஒன்று அழுத்தும் பாரத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்பது அந்த விதி. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே லியோனார்டோ டா வின்சி தன் குறிப்பேடுகளில் இதை எழுதி வைத்திருந்தார், ஆனால் வெளியிடவில்லை. பள்ளிப் பாடத்தில் ஒரு வரியில் கடந்துபோகிற இந்த விதியைச் சிக்கிய பூட்டின் முன் நிற்கிறவர் நினைவில் கொண்டுவந்தால் போதும், பாதி வேலை முடிந்துவிடும்.

பூட்டின் நாக்கு, நிலைச் சட்டத்தில் பதித்த உலோகத் தகட்டின் துளைக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. கதவு தன் இடத்தில் சரியாக இருந்தால் நாக்கின் எந்தப் பக்கமும் தகட்டைத் தொடாது, அல்லது லேசாகத் தொடும். கதவு கொஞ்சம் நகர்ந்துவிட்டாலோ, அதை நாக்கு மட்டுமே பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கும். அந்தப் பாரம் 300 நியூட்டன், அதாவது 30 கிலோ எடைக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த எஃகுக்கும் எஃகுக்கும் இடையே உராய்வுக் கெழு 0.4 என்றால், நாக்கை உள்ளே இழுக்க 120 நியூட்டன் வேண்டும். சாவியோடு சுழலும் சிறு கை 10 மில்லிமீட்டர் நீளமென்றால் சாவியில் 1.2 நியூட்டன்-மீட்டர் தேவை. கதவின் பாரம் இரட்டிப்பானால் 2.4. சாவி ஒடியும் எல்லையைத் தாண்டியாகிவிட்டது.

இப்போது சாவியை விட்டுவிட்டு, பூட்டுக்குப் பக்கத்தில் கதவின் மேல் உள்ளங்கையை வைத்து உடம்பால் அழுத்துங்கள். முப்பது கிலோ அழுத்தம் யாருக்கும் பெரிய காரியமல்ல. நாக்கின் மேலிருந்த பாரம் கதவின் ரப்பர் விளிம்புக்கு மாறிவிடுகிறது. நாக்கின் மேல் பாரம் பூஜ்யத்தை நெருங்கும்போது உராய்வும் பூஜ்யத்தை நெருங்குகிறது. மறு கையால் சாவியை மெல்லத் திருப்பினால் திரும்பும். நம் ஊரில் மழைக்காலத்தில் மரக்கதவு ஊதி இறங்கிவிட்டால், "கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுட்டுச் சாவியைத் திருப்பு" என்று பாட்டிமார் சொல்வதும் இதே இயற்பியல்தான். எந்தத் திசையில் பாரம் விழுகிறது என்று அந்த வீட்டின் கதவைப் பழகியவருக்குத் தெரியும். கேம்பரில் அந்தத் திசை நாளுக்கு நாள், ஊருக்கு ஊர் மாறுகிறது. ஆகவே உள்ளே தள்ளிப் பார்ப்பது, கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்ப்பது, கீழே அழுத்திப் பார்ப்பது, கீல் பக்கமாக நெருக்கிப் பார்ப்பது என்று நான்கையும் முயல வேண்டும். ஒவ்வொன்றின் போதும் சாவியை இரண்டு விரலால் மட்டும் திருப்புங்கள். எந்தத் திசையில் சாவி இளகுகிறதோ அதற்கு எதிர்த் திசையில் கதவு சாய்ந்திருக்கிறது.

கதவு ஏன் சாய்கிறது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வெயிலில் உலோகம் விரியும், அதனால் கதவு இறுகும் என்பது உடனே தோன்றும் விடை. கேம்பர் கதவின் சட்டம் பெரும்பாலும் அலுமினியம். அலுமினியம் ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் 23 மைக்ரோமீட்டர் நீளும். 1.8 மீட்டர் உயரக் கதவு 40 டிகிரி சூடேறினால் 1.7 மில்லிமீட்டர் நீளும். சுற்றியிருக்கும் நிலையும் அலுமினியம்தான். அதுவும் அதே வெயிலில் அதே விகிதத்தில் நீள்கிறது. இரண்டும் சேர்ந்து வளரும்போது இடைவெளி அதிகம் மாறுவதில்லை. ஆக, விரிவு மட்டுமே குற்றவாளி அல்ல.

உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைப் பாருங்கள். மேற்கு வெயில் கதவின் வெளித்தோலில் நேராக விழுகிறது. உள்ளே ஏசி ஓடுகிறது. நடுவில் வெப்பம் கடத்தாத நுரை. வெளிப்பக்கம் உள்பக்கத்தைவிட 25 டிகிரி சூடாக இருந்தால், வெளிப்பக்கம் நீண்டு உள்பக்கம் அப்படியே இருக்க, கதவு வில்லாக வளையப் பார்க்கும். தடிமன் 40 மில்லிமீட்டர் என்றால், எங்கும் பிடிக்கப்படாத கதவின் நடுப்பகுதி ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் வெளியே பிதுங்கும். நிஜத்தில் சட்டத்தின் வழியே கொஞ்சம் வெப்பம் உள்ளே கடந்துவிடுவதால் வளைவு இதைவிடக் குறையலாம். இருந்தாலும் சீரான விரிவு எட்ட முடியாத அளவு இது. அந்தப் பிதுக்கத்தை நடுவில் பிடித்து நிறுத்தியிருப்பது எது? பூட்டின் நாக்கு. பிற்பகலில் அடம்பிடிக்கும் பூட்டு இரவில் ஒன்றும் நடக்காதது மாதிரி திறந்துகொள்வதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு மருந்தும் சுலபம். கதவின் வெளிப்பக்கத்துக்கு நிழல் கொடுங்கள். ஒரு வாளி தண்ணீர் இருந்தால் கதவின் மேல் மெதுவாக ஊற்றுங்கள். பூட்டின் துளையில் படாமல் ஊற்ற வேண்டும். வெளித்தோல் மெலிது, நிமிடங்களில் குளிர்ந்துவிடும், வளைவு தளரும்.

அடுத்த காரணம் தரை. கேம்பரின் அடிச்சட்டம் இரண்டு நீளமான எஃகு விட்டங்களின் மேல் கட்டியது. அவற்றின் மேலிருக்கும் சுவரும் கூரையும் இலேசானவை, வளையக்கூடியவை. சமமில்லாத மண்ணில் வண்டியை நிறுத்தி, மூலைகளிலுள்ள முட்டுக்கால்களை இறக்கி அவற்றாலேயே வண்டியை மட்டம் பார்த்தால், ஒரு மூலை மட்டும் எழும்பி அடிச்சட்டம் முறுகும். செவ்வகமாக இருந்த கதவுநிலை இணைகரமாகச் சரியும். கீல் பக்கத்தைவிடப் பூட்டுப் பக்கம் மூன்று மில்லிமீட்டர் ஏறினாலே, நாக்கு துளையின் கீழ் விளிம்பில் போய் உட்காரும். முட்டுக்கால்கள் வண்டி ஆடாமல் பிடிப்பதற்கு, எடையைத் தூக்குவதற்கல்ல. மட்டம் பார்க்கச் சக்கரத்துக்கு அடியில் பலகை வைக்க வேண்டும். வண்டியை நிறுத்திய பிறகு கதவு இறுகியது என்றால், பூட்டைத் தொடும் முன்பே முட்டுக்கால்களைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். கருவிப் பெட்டியைத் திறக்காமலே கதவு திறக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இதுவரை சொன்னது பாரத்தின் கதை. பூட்டுக்குள்ளேயே கோளாறு இருப்பதும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது கடினமல்ல. சாவி முழுதாக உள்ளே போகவே மறுக்கிறதா? தூசியோ பனியோ அரிப்போ துளையில் இருக்கிறது. உள்ளே போய், ஒரு மயிரிழைகூட அசையாமல் நிற்கிறதா? சாவி நகர்த்த வேண்டிய, பூட்டுக்குள் இருக்கும் மெல்லிய தகடுகள் வரிசைக்கு வரவில்லை. கொஞ்சம் திரும்பி அதற்கு மேல் இறுகுகிறதா? அப்படியானால் சாவி நுழைந்து சுழலும் உருளை சரியாக இருக்கிறது, நாக்கின் மேல்தான் பாரம். மேலே சொன்னபடி கதவைத் தள்ளுங்கள். சாவி தாராளமாகச் சுற்றியும் கதவு திறக்கவில்லை என்றால் உள்ளே ஏதோ ஒடிந்திருக்கிறது.

கேம்பர்களில் உள்ள உருளைகளில் பெரும்பாலானவை மெல்லிய தகடுகளைக் கொண்டவை. லைனஸ் யேல் ஜூனியர் 1861-இலும் 1865-இலும் காப்புரிமை பெற்ற ஊசிப்பூட்டின் எளிய உறவு இது. ஒவ்வொரு தகட்டின் கீழும் ஒரு சின்ன ஸ்பிரிங். சரியான சாவி எல்லாத் தகடுகளையும் உருளையின் விளிம்போடு சமமாக இழுத்துக்கொள்ளும். அப்போதுதான் உருளை சுற்றும். ஒரு தகடு தூசியில் ஒட்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் சுற்றாது. சாவியை லேசான முறுக்கில் வைத்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் பூட்டின் முகத்தில் மென்மையாகத் தட்டினால், ஒட்டிய தகடு அதிர்வில் விடுபடும். நகலுக்கு நகல் எடுத்த சாவியென்றால் ஒவ்வொரு நகலிலும் ஒரு சிறு பிழை கூடிக்கொண்டே வந்திருக்கும். அதை ஒரு மில்லிமீட்டர் வெளியே இழுத்துத் திருப்பிப் பாருங்கள். முதலில் வந்த அசல் சாவி இருந்தால் அதையே போடுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் பெரிய குழப்பம் நிலவுகிறது. எல்லோர் கையிலும் இருக்கும் டபிள்யூடி-40 என்ற தெளிப்பான் 1953-இல் சான் டியாகோவில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி உருவாக்கியது. அட்லஸ் ஏவுகணையின் மெல்லிய எஃகுத்தோலில் ஈரம் தங்கித் துருப்பிடிக்காமல் தடுப்பது நோக்கம். ஈரத்தை விரட்டும் கலவைக்கான நாற்பதாவது முயற்சி வென்றதால் அந்தப் பெயர். ஈரத்தை விரட்டவும் ஒட்டிய அழுக்கைக் கரைக்கவும் அது நல்லது. வழியில் சிக்கிய பூட்டுக்கு அதை அடிக்கலாம். ஆனால் கரைப்பான் ஆவியானபின் தங்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம் பாலைவனத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். அதையே நிரந்தர மசகாக நினைத்து மாதாமாதம் அடித்தால், பூட்டுக்குள் பசைச் சேறு உருவாகும்.

அதனால்தான் பூட்டுக்காரர்கள் உலர்ந்த மசகைச் சொல்வார்கள். கிராஃபைட் தூள் பழைய மருந்து. கார்பன் அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று நழுவுவதால் அது வழுக்குகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆனால் இரண்டாம் உலகப் போரில் மிக உயரத்தில் பறந்த விமானங்களில், ஜெனரேட்டரின் கார்பன் பிரஷ்கள் வெகு சீக்கிரம் தேய்ந்து தூளாகின. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ராபர்ட் சாவேஜ் 1948-இல் வெளியிட்ட ஆய்வு, கிராஃபைட் வழுக்குவதற்குக் காற்றில் நீராவி தேவை என்று காட்டியது. உலர்ந்த வெற்றிடத்தில் அது தேய்ப்புத் தூளாகிவிடுகிறது. பூட்டுக்கு வேண்டிய சிறிதளவு நீராவி நாம் போகும் எந்தச் சாலையிலும் இருக்கும். கேம்பருக்கு வேறொரு சிக்கல் உண்டு: கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தோடும் துத்தநாகத்தோடும் ஈரத்தில் சேர்ந்தால் அவற்றை அரிக்கும். கடலோரச் சாலைகளில் திரியும் வண்டிக்கு நான் கிராஃபைட்டைப் பரிந்துரைக்க மாட்டேன். டெஃப்ளான் கலந்த உலர் தெளிப்பான் போதும்.

அந்த அரிப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம். கேம்பர் பூட்டின் உடல் பெரும்பாலும் துத்தநாக வார்ப்பு. சுமார் 4 சதவீதம் அலுமினியம் கலந்தது, 400 டிகிரிக்குக் கீழே உருகுவதால் அச்சில் ஊற்ற மலிவானது. உப்புக் காற்று படும்போது அதன் மேல் வெள்ளைப் பொடி பூக்கும். அந்தப் பொடி, தான் தின்ற உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். பூட்டுக்குள் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளிகளில் ஓடும் உறுப்புகளுக்கு அதுவே போதும், இறுகிவிடும். அதே உலோகம் கடும் வெயிலில் தொடர்ந்த பாரத்தில் மெல்ல மெல்ல நெகிழும். பூஜ்யத்துக்குக் கீழே குளிரில் திடீர் அடியைத் தாங்காமல் நொறுங்கும். இப்படிப்பட்ட உலோகத்தில் உள்கைப்பிடியின் நெம்பைச் செய்வது சிக்கனமே தவிர நல்ல பொறியியல் அல்ல என்பது என் உறுதியான கருத்து. உயிர் காக்கும் கதவில் அந்த ஒரு துண்டாவது எஃகாக இருக்க வேண்டும்.

குளிர்நாட்டில் உருளைக்குள் கசிந்த நீர் உறைந்தால் கன அளவில் ஏறக்குறைய 9 சதவீதம் பெருகித் தகடுகளைக் கவ்விக்கொள்ளும். வெந்நீர் ஊற்றினால் அப்போதைக்குத் திறக்கும். அந்த நீரே மறுபடி உறைந்து முன்னைவிட மோசமாகும். வாயால் ஊதினாலும் ஈரம்தான் சேரும். கைகழுவப் பயன்படுத்தும் ஆல்கஹால் திரவத்தைச் சாவியில் தடவி உள்ளே விடுங்கள். ஆல்கஹால் பனியைக் கரைத்து, தண்ணீரோடு கலந்து, அது மறுபடி உறையாமல் தடுக்கும்.

உள்ளே இருக்கும்போது பூட்டு சிக்கினால் நிலைமை வேறு. கேஸ் அடுப்பும் மின்கம்பிகளும் மரப்பலகையும் நெருக்கமாக இருக்கும் இடம் அது. அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 1192-ஆம் எண் தரநிலை, கேம்பர் போன்ற வண்டிகளுக்குக் கதவைத் தவிர இன்னொரு வெளியேறும் வழி இருக்க வேண்டும் என்கிறது. சிவப்புக் கைப்பிடி உள்ள பெரிய ஜன்னல் அதுதான். வருடக்கணக்கில் திறக்காத அந்த ஜன்னலின் ரப்பர் சட்டத்தோடு ஒட்டிக்கிடக்கும். பயணம் கிளம்பும் முன் அதைத் திறந்து பாருங்கள், வண்டியில் வரும் குழந்தைகளையும் திறக்க வையுங்கள். புகை வந்தால் பூட்டோடு மல்லுக்கட்டாமல் நேராக அங்கே போக வேண்டும்.

ஆபத்து ஏதுமில்லாமல் பொறுமைக்கு இடமிருந்தால், உள்ளே மாட்டியவர்தான் வசதியான பக்கத்தில் இருக்கிறார். கேம்பர் கதவு வெளிப்பக்கம் திறப்பது. சாத்தும்போது நிலையில் மோதி உள்ளிழுக்க வேண்டிய நாக்கின் சரிவு, கதவின் உள்முகத்தை நோக்கி வெட்டியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் நாக்கின் நேரான முகம் தெரியும், வழுக்க வழியில்லை. உள்ளிருந்து கதவுக்கும் நிலைக்கும் இடையில் ஒரு வளையும் பிளாஸ்டிக் அட்டையைச் செருகினால் அது சரிவில் ஏறி நாக்கைப் பின்னுக்குத் தள்ளும். இது ஸ்பிரிங் நாக்குக்கு மட்டும். தனியாகப் பூட்டும் கனத்த தாழ்நாக்குக்குச் சரிவு கிடையாது. அட்டை நுழையாத இடத்தில் உள்கைப்பிடியைச் சுற்றியுள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். வெளித்தகடும் உள்தகடும் ஒன்றையொன்று பிடித்திருப்பது அவற்றால்தான். உள்தகடு கழன்றதும் நாக்கோடு இணைந்த சிறு எஃகுத் துண்டு கண்ணுக்குத் தெரியும்; அதை ஸ்க்ரூடிரைவரால் நேரடியாகப் பின்னுக்கு இழுக்கலாம்.

வெளியே நிற்கிறவருக்கு அந்த ஸ்க்ரூக்கள் எட்டாது. அவர் வேறு வாசல் தேட வேண்டும். வட அமெரிக்கக் கேம்பர்களின் சாமான் அறைக் கதவுகளில் மிகப் பெரும்பாலானவை சி.எச்.751 என்ற ஒரே வெட்டுச் சாவியில் திறக்கும். பாதுகாப்புக்கு அது அவமானம், அவசரத்துக்கு வரம். முகாமில் பக்கத்து வண்டிக்காரரிடம் கேட்டால் கிடைத்துவிடும். பல வண்டிகளில் முன்புறச் சாமான் அறையின் மேல்தளம்தான் கட்டிலின் அடிப்பலகை. ஒல்லியான ஒருவர் உள்ளே நுழைந்து பலகையை முதுகால் தூக்கினால் படுக்கையறைக்குள் வந்துவிடுவார்.

திறந்த பிறகு, இது ஏன் நேர்ந்தது என்று பார்க்கும் வேலை இருக்கிறது. சலவைப் பலகை போல் அலை விழுந்த மண்சாலையில் பல மணி நேரம் ஓடிய வண்டியில் பூட்டின் ஸ்க்ரூக்கள் தளர்ந்திருக்கும். ஸ்க்ரூவின் நீளவாக்கில் அதிர்வதைவிட, குறுக்கே அசைவதுதான் அதைக் கழற்றும் என்று ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் சோதனை செய்து காட்டினார். குறுக்கே ஒவ்வொரு முறை வழுக்கும்போதும் மரையின் பிடிப்பு அந்தக் கணத்தில் இல்லாமல் போகிறது. இருந்த இறுக்கமே ஸ்க்ரூவைப் பின்னோக்கிச் சுழற்றுகிறது. கேம்பர் கதவு ஒவ்வொரு பள்ளத்திலும் செய்வது அந்தக் குறுக்கு அசைவைத்தான். நீல நிற மரைப்பசை ஒரு சொட்டு இதற்குப் போதும். தேவைப்படும்போது சாதாரணக் கருவியால் கழற்றலாம். நிலையிலுள்ள தகட்டில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் நாக்கு அங்கேதான் உராய்கிறது. தகட்டின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி ஒரு மில்லிமீட்டர் நகர்த்துங்கள், அல்லது அந்த விளிம்பை அரத்தால் ராவுங்கள்.

நாக்கே ஒடிந்துபோய், பூட்டை மாற்ற அடுத்த ஊர்வரை போக வேண்டியிருந்தால், கதவைக் கட்டாமல் வண்டியை எடுக்கக் கூடாது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் இயக்க அழுத்தம் சுமார் 375 பாஸ்கல். 1.2 சதுர மீட்டர் கதவில் அதில் பாதி மட்டும் உறிஞ்சும் விசையாக வேலை செய்தாலும் சுமார் 23 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு வெளிப்பக்கம் இருக்கும். எதிரே லாரி கடக்கும்போது அது ஏறி இறங்கும். கதவுக் கைப்பிடியையும் பக்கத்துச் சுவரிலுள்ள ஏறுபிடியையும் ராட்செட் பட்டையால் இணைத்து இறுக்குங்கள். ரப்பர் கயிறு வேண்டாம். ஒவ்வொரு இழுப்புக்கும் அது நீண்டு கொடுக்கும், கதவு அடித்துக்கொண்டே வரும். கிளம்புமுன் கதவுத் துளையின் நீள அகலத்தையும் கதவின் தடிமனையும் அளந்து, ஒடிந்த பூட்டின் இரண்டு பக்கங்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.